‘எப்படி, அக்கா?’

இருபது வருடங்களுக்கு மேலாக வகுப்பறையிலே பேசிப் பழகிய நாவுக்கு ஒரு குறை உண்டு. அது பிறருக்குச் சொல்லும்; பிறரைக் கேட்காது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே நின்று, ‘இதனைச் செய், அதனை விடு’ என்று விதிப்பது ஆசிரியர்களாகிய எமக்கு மூச்சு விடுவதைப்போல் இயல்பாகிவிடுகின்றது. இந்தக் குறையினால் என் உடன்பிறந்த தமக்கையை இழக்குந் தறுவாய் வரை சென்று மீண்டேன். அந்தக் கதையையும், அதனால் நான் கற்ற சிறு பாடத்தையும் வாசகரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அக்கா என்னிலும் மூன்று வயது மூத்தவர். கொழும்பிலே அரசாங்கத் திணைக்களமொன்றில் லிகிதராகக் கடமையாற்றுகிறார். அத்தான் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் கனடாவிலே படிக்கின்றான். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டிலே தனிச் சீவியம். தனிமையோ, நாள் முழுவதும் கதிரையிலிருந்து பார்க்கும் உத்தியோகமோ, பரம்பரையோ, காரணம் இன்னதென்று ஒன்றை மாத்திரம் சுட்ட முடியாது; அவருடைய உடல் வருடத்துக்கு வருடம் பருத்துக்கொண்டே வந்தது. 2021ஆம் ஆண்டில் அவருடைய நிறை 104 கிலோகிராம், உயரமோ ஐந்தடி. நீரிழிவு, முழங்கால் நோ, இரவிலே மூச்சுத் தடைப்பட்டுத் திடுக்கிட்டு விழிக்கும் உபாதை ஆகிய மூன்றும் அவரை ஆட்கொண்டிருந்தன. பத்தியங் காத்தும் நடந்தும் பத்துக் கிலோ குறைப்பார்; அடுத்த வருடம் பன்னிரண்டு கிலோவாக அது திரும்பி வரும். “வாயைக் கட்டத் தெரியாதவள்” என்று உறவினர் பேசிக்கொள்வதுண்டு. நானும் உள்ளூர அவ்வாறே எண்ணியிருந்தேன் என்பதனை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஈற்றில் வைத்தியர்கள் சத்திரசிகிச்சையே தக்க வழியென்று கூறினர். 2022ஆம் ஆண்டிலே நாட்டைப் பிடித்த நெருக்கடியும் மருந்துத் தட்டுப்பாடும் காரணமாக அது பின்போடப்பட்டு, 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே நிறைவேறிற்று. இதனைச் ‘சிலீவ்’ சத்திரசிகிச்சை என்பர். சட்டையின் கையைப்போல இரைப்பையை ஒடுங்கிய குழாயாக்கிவிடுவதனால் அப்பெயர். இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பாகத்தை அகற்றிவிட, எஞ்சுவது வாழைப்பழமொன்றின் வடிவும் அளவுமே. அகற்றப்படும் மேற்பாகத்திலேதான் பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் ஓமோன் பெரும்பாலும் சுரக்கின்றது. 1999ஆம் ஆண்டில் யப்பானிய விஞ்ஞானிகள் இதனைக் கண்டறிந்தனர். எனவே இச்சிகிச்சை வயிற்றைச் சிறிதாக்குவதோடு பசியின் குரலையுந் தணிக்கின்றது. வாயைக் கட்டத் தெரியாமை என்று நாம் இகழ்ந்ததிலே இரத்தத்தில் ஓடும் ஒரு சுரப்புக்கும் பங்குண்டு என்பதை அப்பொழுதுதான் அறிந்தேன்.

சத்திரவைத்தியர் எம்மிருவரையும் இருத்தி வைத்துச் சொன்னார்: “கத்தியின் வேலை ஒன்றரை மணித்தியாலம். மிச்ச வேலை முழுவதும் உங்களுடையது.”

அந்த மிச்ச வேலை இலேசானதன்று. முதற் சில நாட்கள் தெளிந்த நீராகாரம், அதுவும் மிடறு மிடறாக. பின்னர் கூழ்போல் அரைத்த உணவு. பின்னர் மசித்த மென்மையான உணவு. ஆறாம் ஏழாம் வாரமளவிலே வழமையான உணவு. ஒவ்வொரு கவளத்தையும் நன்றாக மென்று விழுங்குதல் வேண்டும். உணவோடு நீர் அருந்தலாகாது. அரைமணி நேரம் கழிதல் வேண்டும். சோடா முதலிய வாயுப் பானங்கள் ஆகா. தசை கரையாதிருக்க நாள்தோறும் 60 கிராமுக்குக் குறையாத புரதம் வேண்டும். விற்றமின், இரும்பு, கல்சியக் குளிசைகளை ஆயுள் முழுவதும் எடுத்தல் வேண்டும். இவ்வளவும் ஆங்கிலத்தில் அச்சிட்ட நான்கு பக்கத் தாளாக அக்காவின் கையில் வந்து சேர்ந்தன.

இரண்டு கிழமை லீவிலே உடனிருந்தேன். அதன்பின் பாடசாலைக் கடமை அழைத்தது. யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 400 கிலோமீற்றர். தொலைபேசியிற் பேசலாமென்றால், நான் வகுப்பில் நிற்கும் வேளையில் அக்கா ஓய்வாக இருப்பார். நான் ஓய்ந்திருக்கும் வேளையில் அவர் உறங்கிவிடுவார். ஆகவே அந்த நான்கு பக்கங்களையும் தமிழாக்கி, நாளுக்கு ஒன்றிரண்டு குறுஞ்செய்திகளாக அனுப்புவதென்று தீர்மானித்தேன்.

குறுஞ்செய்தி 1992ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆந் திகதி இங்கிலாந்திலே பிறந்தது. அன்று முதன்முதல் அனுப்பப்பட்டது ஒரு நத்தார் வாழ்த்து. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் இடங்கொள்ளும். தமிழில் 70 குறிகளே. அதிலும் எமது குற்றும் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாகக் கணிக்கப்படுகின்றன. ‘அக்கா’ என்னும் மூன்றெழுத்துச் சொல் ஐந்து குறிகளை விழுங்கிவிடும். ஆகவே சுருங்கச் சொல்லுதல் கட்டாயமாயிற்று. தமிழ் படிப்பிக்கும் எனக்கு அதிலே ஓர் இன்பமும் பிறந்தது. ‘உணவோடு நீர் வேண்டா. அரைமணி பொறுக்க.’ ‘புரதம் முதலில், சோறு பின்னர்.’ ‘மென்று விழுங்குக. அவசரம் ஆகாது.’ ஒவ்வொன்றையும் செதுக்கிச் செதுக்கி அனுப்பினேன். அக்காவிடமிருந்து ‘ஓம்’ என்றும், ‘சரி’ என்றும், ‘நலம்’ என்றும் பதில் வரும். என் மாணவர் அனைவரும் இத்துணை ஒழுங்காக விடையளித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மனத்துள் மகிழ்ந்துகொண்டேன்.

சத்திரசிகிச்சை முடிந்து எட்டாவது வாரம். ஒரு நாள் மாலை கோயில் வீதியிலே என் பழைய மாணவன் ஒருவனைச் சந்தித்தேன். இன்று அவன் ஒரு வைத்தியன். அக்காவைப் பற்றிக் கேட்டபோது பெருமையோடு கைத்தொலைபேசியைத் திறந்து என் செய்திகளைக் காட்டினேன். அவன் அவற்றை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “கோவியாதேங்கோ சேர். இது வீட்டுப்பாடம் குடுக்கிற மாதிரியெல்லோ இருக்கு. அக்காவை ஒருக்காலும் எப்பிடி எண்டு கேக்கேல்லையே?”

பின்னர் அவன் கென்யா நாட்டின் கதையொன்றைச் சொன்னான். எயிட்ஸ் நோய்க்குரிய மருந்தை உண்ணத் தொடங்கிய 538 பேரை அங்கே இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கிழமைக்கு ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பினர். அச்செய்தியிலே மருந்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுவாகிலி மொழியிலே ‘மாம்போ?’ என்ற ஒரே வினா. ‘எப்படி இருக்கிறீர்?’ என்பது அதன் கருத்து. நலமெனில் ‘சாவா’ என்றும், இடரெனில் ‘ஷிடா’ என்றும் அவர்கள் பதிலளிக்கலாம். ‘ஷிடா’ என்று எழுதியவரையும், இரண்டு நாட்களுக்குள் பதிலே எழுதாதவரையும் தாதி தொலைபேசியில் அழைத்து விசாரிப்பார். ஒரு வருட முடிவிலே, செய்தி பெறாதோருள் நூற்றுக்கு 50 பேர் மருந்தை ஒழுங்காக உண்டிருக்க, செய்தி பெற்றோருள் நூற்றுக்கு 62 பேர் ஒழுங்காக உண்டிருந்தனர். 2010ஆம் ஆண்டில் ‘லான்செற்’ வைத்திய சஞ்சிகையில் இது வெளிவந்தது. “கேள்வி சின்னன் சேர். ஆனால் ‘ஏலாது’ எண்டு சொல்ல ஒரு கதவு திறந்து விட்டிருக்கினம்” என்றான் அவன்.

என் மனம் சிறிது புண்பட்டதென்றே சொல்ல வேண்டும். ஆயினும் அன்றிரவு ஒன்பதரை மணிக்கு, எந்த அறிவுரையும் சேர்க்காமல், ‘எப்படி, அக்கா?’ என்று மாத்திரம் எழுதி அனுப்பினேன். வழக்கம்போல் உடனே பதில் வரவில்லை. பத்து மணியளவில் வந்தது.

‘ஏலாது தம்பி. ஒன்பது நாளா ஒண்டும் வயித்திலை நிக்குதில்லை. தண்ணியும் சத்தி. இண்டைக்கு எல்லாம் ரண்டு ரண்டாத் தெரியுது.’

கைகள் நடுங்கின. அந்தச் செய்தியை அப்படியே மாணவனுக்கு அனுப்பினேன். அடுத்த கணமே அவன் அழைத்தான். “சேர், விடியும் வரைக்கும் பொறுக்கேலாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கோ. ஒன்பது நாள் சத்தி, கண் இரட்டையாத் தெரியுது எண்டு வாசலிலையே சொல்ல வேணும். குளுக்கோஸ் ஏத்த முதல் தயமின் ஊசி போட வேணும்.” மேல் மாடியிலே வசிக்கும் அயலவரின் மகன் அக்காவை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நான் விடியற்காலை பஸ்ஸேறிப் பிற்பகலிலே போய்ச் சேர்ந்தேன்.

நடந்தது இதுதான். மென்மையான உணவிலிருந்து வழமையான உணவுக்கு மாறிய வேளையில், ஒடுக்கிய இரைப்பையின் ஓரிடம் மேலும் சுருங்கிவிட்டது. உண்டதெல்லாம் திரும்பி வந்தது. தயமின் எனப்படும் விற்றமின் பீ-1ஐ எமது உடல் இரண்டு மூன்று கிழமைகளுக்கு மேல் சேமித்து வைத்திருக்க இயலாது. அது வற்றும்போது முதலிலே வாடுவன மூளையும் நரம்புகளுமே. கண் இரட்டையாகத் தெரிவதும், நடை தள்ளாடுவதும், நினைவு தடுமாறுவதும் அதன் அறிகுறிகள். காலந் தாழ்த்தினால் நினைவாற்றல் என்றென்றைக்கும் கெட்டுவிடலாம், உயிரும் போகலாம். உரிய வேளையிலே நாளத்தினூடாகத் தயமின் செலுத்தினால் பெரும்பாலும் மீளலாம். அக்கா மீண்டார். மூன்றாம் நாள் பார்வை சீரடைந்தது. பின்னர் வாய்வழியே குழாய்செலுத்தி, சுருங்கிய இடத்தைச் சிறு பலூனினால் விரித்துவிட்டனர்.

இந்தத் தயமின் குறைபாட்டின் பழைய வடிவந்தான் பெரிபெரி. தீட்டிய அரிசியை மாத்திரம் உண்ட கோழிகள் நரம்பு தளர்ந்து வீழ்வதை 1890களிலே யாவாவில் ஐக்மன் என்னும் ஒல்லாந்து வைத்தியர் கண்டு ஆராய்ந்தார். அதன் பொருட்டு 1929ஆம் ஆண்டில் நொபெல் பரிசில் பங்கு பெற்றார். இலங்கையருக்கு அப்பெயரிலே ஓர் உறவுண்டு. சிங்களத்திலே இயலாமையைக் குறிக்கும் சொல்லை இரட்டித்தே பெரிபெரி என்னும் பெயர் உண்டாயிற்றென்பர். ‘இயலாது, இயலாது’ என்பது அதன் பொருளாம். ‘ஏலாது தம்பி’ என்று அக்கா எழுதிய அந்த முதற்சொல்லை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வைத்தியசாலைக் கட்டிலருகே இருந்து கேட்டேன்: “ஏன் அக்கா இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்தனீங்கள்?”

அவர் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: “நீ ஒரு நாளும் கேக்கேல்லையேடா தம்பி. அறுவது கிராம் புரதம் எண்டு எழுதுவாய். நான் ஒரு கரண்டி பருப்பும் வயித்திலை வைச்சிருக்க வழியில்லாமல் இருந்தன். நீ சொன்னதுகளைச் செய்யேலாமல் போச்சுது எண்டு உனக்கு எப்பிடி எழுதுறது?”

என் தமக்கை, வீட்டுப்பாடஞ் செய்யாத பிள்ளை வகுப்பின் பின்வாங்கிலே ஒளித்திருப்பதுபோல, ‘நலம்’ என்ற சொல்லுக்குப் பின்னே ஒளித்திருந்திருக்கிறார். அவரை அங்கே ஒளிக்கச் செய்தவன் நான்.

அதன்பின் என் முறையை மாற்றினேன். விதிப்பதை விட்டு விசாரிக்கப் பழகினேன். ‘இண்டைக்கு என்ன இறங்கிச்சுது?’ ‘முட்டை பிடிச்சுதோ?’ ‘எத்தினை தரம் சத்தி?’ என்று அவருடைய பேச்சுமொழியிலேயே எழுதினேன். செந்தமிழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிவிட்டேன். சத்தி ஒரு நாளைக்கு மேல் நீடித்தால் ‘ஷிடா’ என்று ஒரே சொல் எழுதினாற் போதும், உடனே வைத்தியருக்கு அறிவிப்பேன் என்று எமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டோம். எங்கோ ஆபிரிக்காவிலே வழங்கும் ஒரு சொல் வெள்ளவத்தை மாடிவீடொன்றில் குடிபுகுந்தது.

கேட்கத் தொடங்கிய பின்னர்தான் பலவற்றை அறிந்தேன். அக்காவுக்குப் பொல்லாத நேரம் மாலை ஏழு மணி. கந்தோரிலிருந்து வந்து, விளக்கேற்றி, கும்பிட்டு முடித்த பின்னர் வீட்டிலே பேச ஆளில்லை. அந்த வேளையிலேதான் முன்னெல்லாம் மிக்சரும் பிஸ்கற்றும் துணையிருந்தனவாம். பசியினால் அன்று. ஆகவே என் செய்தி போகும் நேரத்தைக் காலை ஆறிலிருந்து மாலை ஏழுக்கு மாற்றினேன். ஒரு கேள்வி, ஓர் ஊர்ப்புதினம், அவ்வளவுதான். நான்காம் மாதத்தில் சீப்பு நிறையத் தலைமயிர் உதிரத் தொடங்கியது. விரைவாக நிறை குறையும் காலத்தில் இது பலருக்கும் நேர்வது, பெரும்பாலும் தானாகவே நின்று மீண்டும் வளரும் என்று வைத்தியரிடங் கேட்டு அறிவித்தேன். ஆறாம் மாதத்தில் தராசின் முள் மூன்று கிழமை அசையாமல் நின்றது. அப்பொழுதும் எழுதிக்கொண்டோம்.

கலியாண வீடொன்றிலிருந்து ஒரு நாள் செய்தி வந்தது: ‘ஏன் சாப்பிடேல்லை எண்டு எல்லாரும் வளைச்சுப் பிடிச்சுக் கேக்கினம். என்ன சொல்ல?’

‘பல்லு நோ எண்டு சொல்லுங்கோ’ என்று எழுதினேன்.

‘பொய் சொல்லச் சொல்லி வாத்தியாரோ படிப்பிக்கிறது?’ என்று பதில் வந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின்னர் அக்கா எழுதிய முதற் பகிடி அது.

நவம்பர் மாதத்திலே கந்தசஷ்டி வந்தது. சிறுவயது தொட்டு ஆறு நாளும் நீரருந்தி உபவாசம் இருந்து பழகியவர் அவர். ‘இந்தமுறையும் பிடிக்கட்டோ?’ என்று கேட்டார். முந்திய நானாக இருந்தால் ‘கூடாது’ என்று ஒரு சொல்லிலே முடித்திருப்பேன். ‘டொக்டரைக் கேட்டுச் சொல்லட்டோ?’ என்று எழுதினேன். வெறும் வயிற்றோடு இருத்தல் ஆகாது. பால், தயிர், பருப்புக்கஞ்சி முதலியவற்றைச் சிறிது சிறிதாக நேரந்தவறாமல் உட்கொண்டு, குளிசையை விடாது, நீரிழிவையும் சோதித்துக்கொண்டு விரதத்தை அனுட்டிக்கலாம் என்றார் வைத்தியர். ‘முருகன் கோவிக்கமாட்டார்தானே?’ என்று கேட்டார் அக்கா. ‘பெத்த பிள்ளை பட்டினி கிடந்து விழுந்தால்தான் கோவிப்பார்’ என்று எழுதினேன். சூரன்போரன்று பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். ஒரு வருடத்துக்கு முன்னர் படியேற மூச்சு வாங்கியவர் கூட்டத்தின் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

வருட முடிவில் அவருடைய நிறை 76 கிலோகிராம். இன்று 79. கூடிய மூன்றை ஒளிக்காமல் எழுதுகிறார். அதுவே எனக்குப் பெரிது. நீரிழிவுக் குளிசைகளுள் ஒன்று மாத்திரம் எஞ்சியிருக்கின்றது. நிறையைக் குறைத்தது குறுஞ்செய்தி என்று நான் சொல்லமாட்டேன். அதனைச் செய்தவை கத்தியும், வைத்தியரின் திறமையும், அக்காவின் பொறுமையுமே. 2015ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவிலே இருதய நோயாளர் 710 பேரிடம் செய்த ஆய்வொன்றில், கிழமைக்கு நான்கு குறுஞ்செய்தி வீதம் ஆறு மாதம் பெற்றவர்களின் கொலஸ்திரோலும் இரத்த அழுத்தமும் மற்றவர்களினும் குறைந்திருந்தன. செய்திக்குப் பலனுண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அனுப்பியவர் பதிலை வாசிக்க வேண்டும். வாசித்தவர் எழுந்து ஓடவும் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

கிளினிக்கிலே அக்காவுக்கு இரு தோழியர் கிடைத்தனர். ஒருவர் ஹற்றனைச் சேர்ந்த ஆசிரியை. மற்றவர் புத்தளத்து முஸ்லிம் மாது. இருவரும் அதே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள். இப்பொழுது அவர்களுக்கு மாலை ஏழு மணிக்குச் செய்தி அனுப்புபவர் அக்காதான். றமழான் நோன்பு நெருங்கியபோது புத்தளத்துத் தோழி கேட்ட கேள்வி, அக்கா கந்தசஷ்டிக்கு என்னிடங் கேட்ட அதே கேள்வி. ‘டொக்டரைக் கேட்டுச் சொல்லட்டோ, தங்கச்சி?’ என்று அக்கா எழுதினாராம்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்தை நான்கு பகுதியாக்கி, நோயாளி, வைத்தியர், மருந்து ஆகிய மூன்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து எண்ணுகின்றார். அருகிருந்து பணிவிடை செய்பவனே உழைச்செல்வான். எத்தனையோ வருடங்கள் அக்குறளைப் படிப்பித்த எனக்கு, அந்த நாலாமவனின் பொருள் அன்றிரவு பத்து மணிக்குத்தான் விளங்கிற்று. அருகே இருக்க முடியாத காலத்திலும், அருகிருப்பவன் கேட்கும் கேள்வியையாவது நாம் கேட்கலாம்.

சென்ற மாதம் எனக்குக் கடுங்காய்ச்சல். அக்காவுக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை என்றே நினைத்திருந்தேன். மாலை ஏழு மணிக்குக் கைத்தொலைபேசி ஒலித்தது. ‘எப்படி, தம்பி?’ என்றிருந்தது. அவரைச் சஞ்சலப்படுத்துவானேன் என்று எண்ணி, ‘நலம்’ என்று எழுதிவிட்டுக் கண்ணை மூடினேன். ஒரு நிமிடம் கழியவில்லை, அழைப்பு வந்தது.

“நலம் எண்டு எழுதிப்போட்டு நான் எத்தினை நாள் ஒளிச்சிருந்தனான்? எனக்கே அந்தச் சொல்லைக் காட்டுறியோ? காய்ச்சல் எத்தினை டிகிரி எண்டு சொல்லு” என்றார் அக்கா.

சொன்னேன்.